குப்பைத் தொட்டியோடு முடியும் பாடம்

தூய்மைக்கேட்டைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், மலேசியத் தோட்டப்புறப் பள்ளி மாணாக்கர் எதனை எழுதுகின்றனர்? 'குப்பையைத் தொட்டியில் போடுவோம்' என்றே எழுதுகின்றனர். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகின்றது. அப்பாடத்தில் குற்றவாளி யார்? மிட்டாய்த் தாளை வீசிய சிறுவனே!

அச்சிறுவன் அறிந்ததோ அதனினும் பெரிது. செம்பனை ஆலையின் கழிவுநீர் கலந்தால் ஓடை கறுப்பதையும், மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதையும் அவன் கண்டிருக்கின்றான். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடுவதால் மீன்கள் மூச்சுத் திணறி மடிகின்றன. இதனை விளக்குவது அத்துணைக் கடினமா? சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இல் பிறந்தது. செம்பனை ஆலைகளுக்கெனத் தனி விதிகள் 1977-இல் வந்தன. தாய் தெளித்த பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2020 முதல் நாட்டில் தடை. இவற்றுள் எதனை அவனுக்குச் சொன்னார்கள்?

சிறுவர்க்குச் சட்டம் எதற்கு என்பாரும் உளர். நச்சுக்காற்று வயது கேட்டா நுழைகின்றது? 2019 மார்ச்சில், ஜொகூர் மாநிலத் தொழில் நகரான பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட வேதிக் கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டன. பாதிக்கப்பட்டோருள் மாணாக்கர் பலர்.

குப்பைத் தொட்டியைக் கற்பிப்பது தவறன்று. அதனோடு நிறுத்துவதே தவறு. ஆசிரியர்கள் வகுப்பை ஓடைக்கரைக்கு அழைத்துச் செல்லட்டும். மாணாக்கர் கண்டதை எழுதட்டும். மதிப்பெண் அதற்குக் கிடைக்கட்டும். தன் கண்ணை நம்பக் கல்லாத பிள்ளை, நாளை தன் உரிமையைக் கேட்கவும் கல்லாது.