கப்பலில் கதைப் புத்தகம் படித்தால் குற்றமா?

எங்கள் ஊர் திருவண்ணாமலை. பௌர்ணமி வந்தால் ஊர் உலகமெல்லாம் லீவு போட்டுக் கொண்டு கிரிவலம் வரும். எங்கள் வீட்டுக்கும் உறவுக்காரர்கள் நாலைந்து பேர் வந்து விடுவார்கள். 14 கிலோமீட்டர் நடந்து விட்டு வருகிறவர்களுக்கு வெந்நீர், இட்லி, படுக்கப் பாய் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். வரட்டும், புண்ணியம்தான். ஆனால், மற்றவர்களுக்கு லீவு என்றால் எனக்கு வேலை இரட்டிப்பு. வெளியூர் போனாலும் இதே கதைதான். புளியோதரை கட்டுவதும், துணி துவைப்பதும் நம் தலையில்தானே விடிகிறது?

இப்படிப்பட்ட எனக்கு 2023-ல் ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்ற சொகுசுக் கப்பல் அந்த வருஷம் ஜூன் மாதம் முதல் இலங்கைக்குப் போக ஆரம்பித்திருந்தது. மாமனாருக்கு எழுபது வயசு முடிந்ததற்காக, வெளிநாட்டில் இருக்கும் கொழுந்தனார் குடும்பம் மொத்தத்துக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். பத்தாவது வரை படித்த நான் அன்றுவரை மெரினாவில் கால் நனைத்ததோடு சரி!

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பரணில் கிடந்த 'பொன்னியின் செல்வன்' முதல் இரண்டு பாகங்களைத் தூசி தட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டேன். கப்பலில் சமையல் வேலை கிடையாது. 'இன்னிக்கு என்ன டிபன்?' என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. பிள்ளைகள் நீச்சல் குளத்திலேயே கிடந்தார்கள். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டு கடல் காற்றில் படிக்க ஆரம்பித்தேன்.

என் பெரிய நாத்தனாருக்கு அது பொறுக்கவில்லை. "இத்தனை பணத்தைக் கொட்டி கப்பல்ல கூட்டிட்டு வந்தா, நீ என்னம்மா கதைப் புக்கைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கே? அதை வீட்லயே படிக்கலாமே!" என்றார்.

வீட்டில் எங்கே படிக்க விடுகிறார்கள் என்று கேட்க வாய் துடித்தது. என்னவர் முகத்தைப் பார்த்து அடக்கிக் கொண்டேன்.

அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய கதை அது. அதில் வந்தியத்தேவன் கோடிக்கரையிலிருந்து இலங்கைக்குப் படகில் போகிறான். படகு ஓட்டுபவள் பூங்குழலி என்ற பெண். அதே கடலில், அதே இலங்கைக்குப் போய்க் கொண்டே அதைப் படித்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. புத்தகம் இல்லாவிட்டால் எனக்கு அது வெறும் தண்ணீர்தான். அன்று ராத்திரி மாமியார் என் பக்கத்தில் வந்து, "அந்தப் பொண்ணு படகை ஓட்டிட்டுப் போச்சுன்னு சொன்னியே, அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். ஆறாவதோடு நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். தினமும் ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டினேன்.

'துறைமுகத்தில் இறங்காமல் படித்துக் கொண்டே இருந்தாயா?' என்று கேட்காதீர்கள். கரை வந்ததும் புத்தகத்தை மூடி விட்டு முதல் ஆளாக இறங்கினேன். திரிகோணமலையில் மலை மேல் கோணேசர் கோவிலைப் பார்த்தோம். அண்ணாமலையார் ஊர்க்காரிக்கு வேறென்ன வேண்டும்? காங்கேசன்துறையில் இறங்கி, நல்லூர் கந்தசாமி கோவிலுக்குப் போய் விட்டு, மற்றவர்கள் நெல்லி கிரஷ் வாங்கக் கடைக்குப் போனார்கள். நான் என்னவரை இழுத்துக் கொண்டு யாழ்ப்பாணம் பொது நூலகத்தைப் பார்க்கப் போனேன்.

வெள்ளை வெளேரென்ற கட்டிடம். முன்னால் சரஸ்வதி சிலை. 1981-ல் ஒரே இரவில் தீ வைத்து, சுமார் 97 ஆயிரம் புத்தகங்களையும் ஓலைச்சுவடிகளையும் எரித்து விட்டார்கள். அதே இடத்தில் மறுபடி எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். பையைத் தூக்கிக் கொண்டு பெண் பிள்ளைகள் உள்ளே போவதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கி விட்டது. நம் வீடுகளில் புத்தகத்தை யாரும் எரிப்பதில்லை. கல்யாணமானதும் பரணில் ஏற்றி விடுகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்!

குடும்பத்தோடு போன இடத்தில் தனியாக உட்கார்ந்து படிப்பது சரியில்லை என்று சில சகோதரிகள் நினைக்கலாம். ஆண்கள் மணிக்கணக்கில் செல்போனும் சீட்டுக்கட்டுமாக இருந்தால் அது 'ரெஸ்ட்'. பெண் ஒரு மணி நேரம் புத்தகம் படித்தால் மட்டும் அது 'பொறுப்பில்லாத்தனம்'. இது என்ன நியாயம்?

இதற்குக் கப்பல் டிக்கெட் வேண்டும் என்று இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கினார்கள். நடுவில் நின்று போய், 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். சுமார் 110 கிலோமீட்டர்தான். அதற்கும் வழியில்லாதவர்களுக்கு நூலகம் இருக்கிறது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகி விட்டதால் மலிவுப் பதிப்பும் கிடைக்கிறது.

இப்போது நான் மாதம் இரண்டு முறை எங்கள் ஊர் நூலகத்துக்குப் போகிறேன். மதியம் மூன்றிலிருந்து நாலு மணி வரை என் நேரம். ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். இப்போது அந்த நேரத்தில் யாராவது காபி கேட்டால், "அவ படிச்சிட்டு வரட்டும், கொஞ்சம் பொறு" என்று மாமியாரே சொல்கிறார்கள். அடுத்த அத்தியாயம் அவர்களுக்கும் தெரிய வேண்டுமே!

தோழிகளே, உங்கள் வீட்டுப் பரணில் என்ன புத்தகம் கிடக்கிறது? இன்றைக்கே ஏணி போட்டுப் பாருங்கள்.

- ஒரு வாசகி, திருவண்ணாமலை.