வேலி விரிந்தது, காவலர் பெருகினரா?

தொழிலாளரின் உயிரைக் காக்கச் சட்டம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் தேதி அமுலுக்கு வந்தது. பத்து வகைத் தொழில்களை மட்டும் தழுவியிருந்த அச்சட்டம் இன்று நாட்டின் ஏறத்தாழ எல்லா வேலையிடங்களையும் தழுவுகிறது. கடமை தவறும் முதலாளிக்கு விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். வேலியை விரித்தார்கள், காவலரையும் பெருக்கினார்களா?

தோட்டத் தொழில் 1994 முதலே இச்சட்டத்துக்குள் இருக்கிறது. அப்படியிருந்தும் பரிசோதனை அதிகாரியை ஆண்டுக்கணக்கில் கண்ணால் காணாத தொழிலாளர் நம்மிடையே உண்டு. அவருக்குப் பரிசோதனை ஒன்றுதானா வேலை? விபத்து நடந்தால் விசாரணை, புகார் வந்தால் பதில், வழக்கு என்றால் நீதிமன்றம், இவற்றுக்கிடையே அறிக்கை எழுதும் வேலை. இப்போது வேலையிடங்களும் பெருகிவிட்டன. பட்டணத்து ஆலையைப் பார்த்து முடித்து, செம்மண் சாலையின் கோடியிலுள்ள தோட்டத்துக்கு அவர் எப்போது வந்து சேர்வார்?

வந்தாலும் நடப்பது என்ன? நம் உறுப்பினர் அறிந்த காட்சிதான். வருகையின் செய்தி முன்னாலேயே ஆபீசுக்கு எட்டிவிடுகிறது. அன்று காலைப் பெரட்டில் புதுக் கையுறையும் முகமூடியும் கொடுக்கப்படுகின்றன. அதிகாரி ஏடுகளைப் புரட்டுகிறார். பிறகு மண்டோர் பக்கத்தில் நிற்க, "ஏதும் குறை உண்டா?" என்று கேட்கிறார். "இல்லை ஐயா" என்பதைத் தவிர வேறென்ன பதில் வரும்? மறுநாள் கையுறை ஸ்டோருக்குத் திரும்புகிறது. மருந்தடிக்கும் பெண் வெறுங்கையோடு பம்பைத் தூக்குகிறாள்.

இதற்கு அதிகாரியை மட்டும் நாம் குறை சொல்லவில்லை. அவர் தலைக்கு மேலும் நெருக்குதல் உண்டு. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியின் கதை அதற்குச் சான்று. அந்த நஞ்சைத் தடை செய்யப் போவதாக 2002-இல் அரசாங்கம் அறிவித்தது. தொழில் தரப்பிலிருந்து ஆட்சேபணைகள் கிளம்பின. 2006-இல் அந்த முடிவு தளர்ந்தது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி முதல் தேதி. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் அந்த மருந்தை முதுகில் சுமந்தவர்கள் யார்? நம் தாய்மாரும் தங்கைமாரும் அல்லவா?

இன்னொரு வாதமும் அடிக்கடி காதில் விழுகிறது. "ஆபத்தை உண்டாக்குபவரே அதை அடக்க வேண்டும், நிர்வாகமே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும்" என்பது அது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையும் இதுவே. கொள்கை நல்லதுதான். 1991 மே 7-ஆம் தேதி சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 உயிர்கள் மாண்ட கொடுமைக்கு மூன்றாண்டுகளுக்குப் பின் வந்த சட்டம் அது. ஆனால் வெளியாள் ஒருவர் வந்து பார்ப்பார் என்ற அச்சம் இல்லாத இடத்தில், சுயக் கட்டுப்பாடு ஏட்டுச் சுரைக்காய்தான்.

பரிசோதகர் எப்படி இருக்க வேண்டும் என்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமல்ல. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 81-ஆவது உடன்படிக்கை 1947-இலேயே அதை வகுத்துவிட்டது. முன்னறிவிப்பின்றி, இரவோ பகலோ அவர் நுழையலாம். புகார் செய்தவர் யார் என்பதை அவர் வெளியிடக் கூடாது. தொழிற்சாலைகளுக்கென எழுந்த இந்நெறிகளை 1969-இல் 129-ஆவது உடன்படிக்கை விவசாயத்துக்கும் விரித்தது. ரகசியம் காப்பது இன்று இன்னும் அவசியமாகிவிட்டது. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து நம்மோடு உழைக்கும் தோழர்களின் பெர்மிட் முதலாளியைச் சார்ந்திருக்கிறது. வாய் திறந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சுபவர் எப்படி உண்மை சொல்வார்?

ஆகவே அரசாங்கத்தை நாம் கேட்பது மூன்று. தோட்டங்களுக்கென்று தனியாகப் பரிசோதகரை நியமித்து, எத்தனை தோட்டங்கள் பார்க்கப்பட்டன என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சொல்லாமல் வர வேண்டும். மண்டோரும் கிராணியும் இல்லாத இடத்தில் தொழிலாளரை அவரவர் மொழியில் விசாரிக்க வேண்டும்.

தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நாற்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யுமிடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும். உங்கள் தோட்டத்தில் அக்குழு இருக்கிறதா? உங்கள் பிரதிநிதி அதில் பேசுகிறாரா, கையெழுத்து மட்டும் போடுகிறாரா? உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமிருந்து, சொல்லியும் நிர்வாகம் அதை நீக்காவிட்டால், அவ்விடத்தைவிட்டு விலகும் உரிமையைச் சட்டத்தின் 26ஏ பிரிவு தருகிறது. புகார் சொன்னதற்காக வேலையிலிருந்து நீக்குவதை 27-ஆவது பிரிவு தடுக்கிறது. தனியாகச் சொல்ல அஞ்சினால் சங்கத்தின் வழியாகச் சொல்லுங்கள்.

பரிசோதகர் ஆண்டுக்கு ஒருநாள் வரக்கூடும். நாமோ அங்கே தினமும் இருக்கிறோம். அவர் வராத நாளெல்லாம் காவல் நம்முடையதே.