தள்ளுவண்டி உருண்டால் யார் தலையில்?

ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். நாலு பக்கம். முதல் மூன்று பக்கம் நடந்த கதை, நாலாவது பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: "தோட்டை அடகு வைக்கட்டுமா, வேண்டாமா?"

சங்கதி இதுதான். சகோதரி ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் தையல் வேலை பார்க்கிறார். காலையில் ரயில், மாலையில் ரயில். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் வீட்டுச் சாமான் வாங்க வாய்க்கும் நாள். அப்படி ஒரு ஞாயிறன்று, ஆறு வயதுப் பையனுடன் பெரிய கடை ஒன்றுக்குப் போயிருக்கிறார். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வாங்கித் தள்ளுவண்டியில் வைத்து வாசலுக்குக் கொண்டுவந்தார். வாசலோ சரிவு. "கண்ணா, இதைப் பிடித்துக்கொள்" என்று பையனிடம் சொல்லிவிட்டு, ஆட்டோவில் மூட்டையை ஏற்றத் திரும்பினார். அவ்வளவுதான். வண்டி பையன் கையை விட்டுக் கடகடவென்று உருண்டு, கீழே நின்ற ஒரு காரின் கதவில் போய் முட்டிக்கொண்டது. கதவு நசுங்கி, நீளமாக ஒரு கீறலும் விழுந்துவிட்டது.

கார்க்காரர் வந்தார். "புதுக் கதவு மாட்ட வேண்டும், பதினெட்டாயிரம் எடு" என்றார். கடை மானேஜரிடம் போனால், அவர் சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினார்: "வாகனங்களுக்கு நேரும் சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." கூட்டம் கூடிவிட்டது. பையன் அழ ஆரம்பித்துவிட்டான். சகோதரி கையிலிருந்த இரண்டாயிரத்தைக் கொடுத்து, மீதிக்குப் பத்து நாள் தவணை சொல்லி, டெலிபோன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

சகோதரி, முதலில் கசப்பு மருந்தைக் கொடுத்துவிடுகிறேன், பிறகு சர்க்கரை.

சட்டம் இதில் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி யாருடையது?" என்பது அல்ல, "அஜாக்கிரதை யாருடையது?" என்பதுதான். சரிவான இடத்தில், சாமான் ஏற்றிய வண்டியை, ஆறு வயதுக் குழந்தையின் கையில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பியது நீங்கள். தாய் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளை செய்ததற்கெல்லாம் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் பார்க்காமல் இருந்தால், அது பிள்ளையின் பிழை அல்ல, உங்கள் பிழை. ஆகவே ஒரு பங்கு உங்கள் மேல் விழத்தான் செய்யும். பையனைத் திட்டியிருந்தால், இன்றைக்கே கூப்பிட்டு ஒரு முத்தம் கொடுத்துவிடுங்கள்.

இனிச் சர்க்கரை. ஒரு பங்கு என்றுதான் சொன்னேன். முழுவதும் என்று சொல்லவில்லை. வாசலைச் சரிவாகக் கட்டியது நீங்களா? வண்டிகள் உருளாமல் தடுக்க ஒரு திட்டு வைக்காமல் விட்டது நீங்களா? சரிவின் அடிவாரத்திலேயே கார்களை நிறுத்தச் சொன்னது நீங்களா? நூறு பேர் தள்ளுவண்டியோடு வந்து போகும் இடத்தில் இப்படி ஒன்று நடக்கக்கூடும் என்று கடைக்காரர் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காவிட்டால் அதுவும் அஜாக்கிரதைதான். வண்டியின் சக்கரம் பழுதாக இருந்தாலோ, கேட்பாரற்று வெளியே விடப்பட்ட வண்டி காற்றில் உருண்டாலோ, கடையின் பங்கு இன்னும் கூடும். கடைச் சிப்பந்தி வண்டிகளை வரிசையாகக் கோத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது இடித்திருந்தால் பேச்சே இல்லை; சிப்பந்தி வேலை நேரத்தில் செய்த தவறுக்கு முதலாளியே ஜவாப்தாரி.

கார்க்காரரும் தப்ப முடியாது. நிறுத்தக்கூடாத இடத்தில், வண்டிகள் போகும் வழியை மறித்துக் காரை விட்டிருந்தால், அந்த அளவுக்கு அவருக்குக் கிடைக்கும் தொகையும் குறையும்.

"அந்தப் பலகை இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். அந்தப் பலகையைப் பற்றி ஒரு கதை சொல்லுகிறேன். கதை அல்ல, நடந்தது.

1998 ஆகஸ்டு 1-ம் தேதி இரவு, டில்லி தாஜ் மஹால் ஹோட்டலுக்கு ஒருவர் மாருதி ஜென் காரில் வந்தார். சாவியை ஹோட்டல் சிப்பந்தியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவருக்குக் கொடுத்த சீட்டில், கார் காணாமற் போனாலும் சேதமானாலும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று அச்சடித்திருந்தது. நடுநிசிக்குப் பிறகு வெளியே வந்து பார்த்தால் காரைக் காணோம்; வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்! இன்ஷூரன்ஸ் கம்பெனி காரின் சொந்தக்காரருக்கு 2,80,000 ரூபாய் கொடுத்தது. பிறகு கம்பெனியும் சொந்தக்காரரும் சேர்ந்து ஹோட்டலின் மேல் நுகர்வோர் வழக்குப் போட்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2019 நவம்பர் 14-ம் தேதி தீர்ப்பாயிற்று. தன் அஜாக்கிரதைக்கும் தன் சிப்பந்திகளின் அஜாக்கிரதைக்கும் ஹோட்டல் பொறுப்பல்ல என்று ஒரு சீட்டை அச்சடித்துக் கொடுத்துத் தப்பித்துக்கொள்ள முடியாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

ஆனால் இந்தத் தீர்ப்பை அப்படியே தூக்கி உங்கள் கடை வாசலில் வைத்துவிட முடியாது. அங்கே சாவி கை மாறியது. பொருளை ஒருவரிடம் நம்பி ஒப்படைத்தால், தன் சொந்தப் பொருளைப் புத்தியுள்ளவன் எப்படிக் காப்பானோ அப்படி அவர் அதைக் காக்க வேண்டும். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு இதைத்தான் சொல்லுகிறது. உங்கள் விஷயத்தில் கார்க்காரர் தாமே நிறுத்தி, தாமே பூட்டி, சாவியைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். கடை அவருக்கு நிற்க இடம் கொடுத்ததே தவிர, காரைத் தன் வசம் வாங்கிக்கொள்ளவில்லை. ஆகவே "ஒப்படைத்த பொருள்" என்ற வாதம் இங்கே பலிக்காது. "சரிவையும் வண்டியையும் அஜாக்கிரதையாக வைத்திருந்தாய்" என்ற வாதம் பலிக்கும். ஒரு பலகையை மாட்டிவிட்டதனாலேயே அந்தப் பொறுப்பு கழன்றுவிடாது.

அடுத்து, அந்தப் பதினெட்டாயிரம். நஷ்ட ஈடு என்றால் நஷ்டத்துக்கு ஈடு. லாபத்துக்கு வழி அல்ல. தட்டி நிமிர்த்தி, வர்ணம் பூசினால் கதவு பழையபடி ஆகுமென்றால், அந்தச் செலவைத்தான் கேட்கலாம். புதுக் கதவின் விலையைக் கேட்பதற்கில்லை. கூட்டத்தின் நடுவே வாயில் வந்த தொகை எதுவும் கணக்கு ஆகாது. ஒர்க் ஷாப்பில் எழுதி வாங்கிய மதிப்பீடுதான் கணக்கு.

அவரிடம் இன்ஷூரன்ஸ் என்ன என்று விசாரியுங்கள். மூன்றாம் நபருக்கான பாலிசி மட்டும்தான் சட்டப்படி கட்டாயம்; தம் சொந்தக் கார் நசுங்கினால் அது உதவாது. முழுப் பாலிசி வைத்திருந்தால், கம்பெனியே பழுது பார்த்துக் கொடுக்கும். சிறிய காருக்கு முதல் ஆயிரம் ரூபாயை அவரே போட வேண்டும். அதோடு, உரிமை கோராமல் இருந்ததற்காக அடுத்த பிரீமியத்தில் கிடைக்கும் சலுகையும் போய்விடும். முதல் வருஷம் 20 சதவீதத்தில் ஆரம்பித்து 50 சதவீதம் வரை ஏறும் சலுகை அது; அதனால்தான் பலர் சிறு சேதத்துக்குக் கம்பெனியிடம் போவதில்லை. போகட்டும். கம்பெனியிடமும் முழுத் தொகை, உங்களிடமும் முழுத் தொகை என்று இரட்டிப்பாக வாங்க மட்டும் அவருக்கு உரிமை கிடையாது.

"போலீசில் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டினாராமே? வேண்டுமென்றே பிறர் சொத்தைச் சேதப்படுத்தினால்தான் அது குற்றம். கை நழுவி உருண்ட வண்டி குற்றம் ஆகாது. பணத்தைப் பற்றிய சிவில் விவகாரம்தான். மோட்டார் விபத்து டிரிப்யூனலுக்கும் இதில் வேலையில்லை. தள்ளுவண்டி மோட்டார் வாகனம் அல்லவே! அவர் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும். கடையின் மேல் சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தில் வாதாடிப் பார்ப்பதானால் அதற்குக் கெடு இரண்டு வருஷம். உங்கள் மேல் அங்கே போக முடியாது. நீங்கள் அவருக்கு எதையும் விற்கவில்லை.

ஆகவே, சகோதரி, தோடு காதிலேயே இருக்கட்டும். செய்ய வேண்டியது இவ்வளவுதான். கொடுத்த இரண்டாயிரத்துக்கு எழுத்து மூலம் ரசீது கேளுங்கள். எழுதிய மதிப்பீடு வேண்டும் என்று சொல்லுங்கள். கடைக்கு இன்றே ஒரு கடிதம் போடுங்கள்: அன்றைய காமிராப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கவும், சரிவில் தடை இல்லாததால் தாங்களும் ஒரு பங்கு ஏற்கவும் வேண்டுகிறேன் என்று. பதிவு பல இடங்களில் சில நாளில் அழிந்துவிடும். அதனால் தாமதிக்க வேண்டாம். வாசல் சரிவைப் படம் எடுத்து வையுங்கள். மூவரும் உட்கார்ந்து ஒரு தொகைக்கு வந்தால், "இத்துடன் விவகாரம் தீர்ந்தது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே பணத்தை எடுங்கள்.

பேச்சு முறிந்தாலும் பயமில்லை. 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? திருப்பத்தூர் நீதிமன்றத்தில் விசாரியுங்கள். அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். வழக்குப் போடுவதற்கு முன்பே லோக் அதாலத்தில் சமரசம் பேசவும் வழி இருக்கிறது. அங்கே கோர்ட்டுக் கட்டணம் கிடையாது.

இந்தத் தள்ளுவண்டியை 1937-ல் அமெரிக்காவில், ஓக்லஹோமா நகரத்தில் ஸில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர் கொண்டுவந்தார். முதலில் அதை ஒருவரும் தொடவில்லையாம். "குழந்தை வண்டி தள்ளித் தள்ளி அலுத்துவிட்டது, கடையிலுமா?" என்றார்களாம் பெண்கள். கடைசியில் சம்பளத்துக்கு ஆள் வைத்து, வண்டி தள்ளிக்கொண்டு கடையில் நடமாடச் சொன்னாராம் அவர். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் தள்ள ஆரம்பித்தார்கள். தள்ளக் கற்றுக்கொடுத்தார்கள், நிறுத்தக் கற்றுக்கொடுக்க மறந்துவிட்டார்கள் போலும்!

அதைக் கற்றுக்கொள்ள நீங்கள் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. 1864-ல் பெங்களூருக்குப் பாதை பிரிந்த நாள் முதல் உங்கள் ஊர் ரயில் ஜங்ஷன். அக்கம்பக்கத்தில் ரயில்வேக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். நிற்கிற வண்டிதானே என்று அவர்கள் சும்மா விட்டுப் போவதில்லை. பிரேக்கை முறுக்கி, சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்துவிட்டுத்தான் நகருவார்கள். அடுத்த ஞாயிறு கடைக்குப் போனால், வண்டியைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பிச் சுவரோரம் நிறுத்துங்கள். பையன் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், வண்டியை அல்ல.