படிக்க முடியாத மூல நிரல் பொதுச்சொத்து ஆகாது

"பக்கம் உலாவியில் சரியாகத்தானே தெரிகிறது? உள்ளே நிரல் எப்படி இருந்தால் என்ன?" மென்பொருள் நிறுவனங்களிலும், அரசு அலுவலகங்களின் கணினிப் பிரிவுகளிலும், பொறியியல் கல்லூரி ஆய்வகங்களிலும் இக்கேள்வி கூச்சமின்றிக் கேட்கப்படுகிறது. கேட்பவர் அதை நடைமுறை அறிவு என்று எண்ணுகிறார். உண்மையில் அது, தன் வேலையில் பாதியைச் செய்யாமல் விட்டு, அதை அடுத்து வருபவர் தலையில் கட்டுவதற்கான சாக்கு.

இச்சாக்குக்கு இடம் கொடுத்தது உலாவியின் பெருந்தன்மை. எச்.டி.எம்.எல். மொழியில் ஒரு குறிச்சொல்லை மூட மறந்தாலும் உலாவி பக்கத்தைக் காட்ட மறுப்பதில்லை. பிழையான நிரலை எப்படிப் பொருள்கொள்வது என்பதற்கும் விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. இந்த இளக்கம் இணையம் பரவத் துணைநின்றது. அதைக் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனால் மூல நிரலைப் படிப்பது உலாவி மட்டும் அன்று. செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் வலைத்தளத்தின் பக்கம் இன்றும் இணையத்தில் உள்ளது. அதன் மூலத்தை ஒரு பள்ளி மாணவரும் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளலாம். பிறர் எழுதிய பக்கத்தின் மூலத்தைத் திறந்து, வரி வரியாகப் படித்தே ஒரு தலைமுறை இத்தொழிலைக் கற்றது.

ஒழுங்கற்ற நிரல் வெறும் அழகுக் குறை அன்று. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஒரு பாதுகாப்புப் பிழையை அவசரமாகத் திருத்த நேர்ந்தது. இணைப்பின் மறுமுனையில் இருப்பது உண்மையான வழங்கிதானா என்று சோதிக்கும் சி மொழி நிரலில், 'கோடூ ஃபெயில்' என்ற வரி தவறுதலாக இருமுறை இடம்பெற்றிருந்தது. இரண்டாவது வரியும் முதல் வரிக்கு நேர்கீழே உள்தள்ளி நின்றதால், அதுவும் மேலுள்ள நிபந்தனைக்கு உட்பட்டதுபோல் கண்ணுக்குத் தோன்றியது. கணினிக்கோ அது நிபந்தனையற்ற கட்டளை. விளைவாக, முக்கியமான சோதனை நடைபெறாமலே இணைப்பு ஏற்கப்பட்டது. நிரலைத் தானாக ஒழுங்குபடுத்தும் கருவி ஒன்றில் அதை இட்டிருந்தால், அந்த இரண்டாவது வரி இடப்பக்கம் நகர்ந்து தன்னைத் தானே காட்டிக்கொடுத்திருக்கும். உள்தள்ளல் என்பது நிரலின் பொருளைக் கண்ணுக்குச் சொல்லும் மொழி. அது பொய் சொன்னால் படிப்பவர் ஏமாறுவார்.

இந்தியச் சூழலில் இதன் விலையை முதலில் கொடுப்பவர்கள் யார்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பார்வைக் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். அவர்களில் இணையத்தைப் பயன்படுத்துவோர் பலர் திரைவாசிப்பான் மென்பொருளை நம்பியிருக்கின்றனர். திரைவாசிப்பானுக்கு உள்தள்ளல் ஒரு பொருட்டன்று. ஆனால் படிவத்தின் கட்டத்துக்கு முறையான பெயர் வேண்டும், தலைப்பு தலைப்பாகவே குறிக்கப்பட வேண்டும், பொத்தான் பொத்தானாகவே எழுதப்பட வேண்டும். வெறும் 'டிவ்' ஒன்றுக்கு வண்ணம் பூசிப் பொத்தான்போல் நிறுத்தினால், விசைப்பலகையால் மட்டும் இயங்குபவர் அதை எட்டவே முடியாது. இத்தகைய குறையைத் திருத்த வருபவர் எதிர்கொள்வது என்ன? இருபது அடுக்கு 'டிவ்'கள், எது எங்கே முடிகிறது என்று தெரியாத குறிச்சொற்கள், 'நியூ1', 'நியூ2', 'ஃபைனல்' என்ற வகுப்புப் பெயர்கள். குறை இருக்கும் இடத்தையே அவரால் கண்டுபிடிக்க முடிவதில்லை.

சட்டத்தில் குறைவில்லை. அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-இலேயே வந்துவிட்டன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. எண்ணிமச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது. ஆனால் தீர்ப்பை நடைமுறைக்குக் கொண்டுவருபவர் ஏதோ ஓர் அலுவலகத்தில் மூல நிரலைத் திறந்து அமரும் ஒரு நிரலர். அவரால் அதைப் படிக்க முடியாவிட்டால் உரிமை தாளிலேயே நின்றுவிடும்.

இதில் பணமும் இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளி வழியே ஒரு நிறுவனம் தளத்தைக் கட்டுகிறது. ஒப்பந்தக் காலம் முடிகிறது. பராமரிப்பு இன்னொருவர் கைக்கு மாறுகிறது. நிரல் குழம்பிக் கிடந்தால் துறைக்கு இரண்டே வழிகள்: பழைய நிறுவனத்திடமே மீண்டும் போய் நிற்பது, அல்லது அனைத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டுவது. இரண்டுக்கும் செலவு மக்களுடையது. மக்கள் பணத்தில் எழுதப்பட்ட நிரல், எழுதியவருக்கு மட்டுமே விளங்கும் என்றால் அது பெயரளவில்தான் பொதுச்சொத்து.

எதிர்வாதங்கள் இரண்டு. இடைவெளிகள் பக்கத்தின் எடையைக் கூட்டும் என்பது முதலாவது. வழங்கி அனுப்பும்போது நிரலைச் சுருக்கி அனுப்பும் முறைகள் பல்லாண்டுகளாக உள்ளன. திரும்பத் திரும்ப வரும் இடைவெளிகள் அச்சுருக்கத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். அனுப்பும் படி சுருங்கியிருக்கலாம். பேணும் படி தெளிவாக இருக்க வேண்டும். நேரமில்லை என்பது இரண்டாவது. 'பிரிட்டியர்' போன்ற இலவசக் கருவிகள் நொடிகளில் வரிகளை ஒழுங்குபடுத்துகின்றன. நல்ல பெயர் வைப்பதும், சரியான குறிச்சொல்லைத் தேர்வதும், தேவையான இடத்தில் ஒரு வரிக் குறிப்பு எழுதுவதும் மட்டுமே மனிதருக்கு எஞ்சும் வேலை. அதற்கும் நேரமில்லை என்பவர், எழுதும்போது மிச்சப்படுத்தும் நிமிடங்களைத் திருத்துபவரின் நாட்களிலிருந்து எடுத்துக்கொள்கிறார்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில், ஒழுங்கமைந்த மூல நிரலை ஒப்படைத்தால்தான் இறுதித் தவணை என்று எழுதலாம். ஒப்படைக்கும் நாளில், அந்நிரலை முன்பு பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து ஒரு சிறு மாற்றத்தைச் செய்யச் சொல்லிச் சோதிக்கலாம். கல்லூரிச் செய்முறைத் தேர்வில் திரையில் தெரியும் விளைவுக்கு மட்டும் மதிப்பெண் தராமல், மாணவர் எழுதிய நிரலை இன்னொரு மாணவர் படித்து விளக்க முடிகிறதா என்றும் பார்க்கலாம். இவற்றுக்குப் புதுச் சட்டமோ பெருநிதியோ வேண்டாம். "உலாவியில் தெரிகிறதே" என்ற பதிலை, பணம் கொடுப்பவரும் மதிப்பெண் போடுபவரும் ஏற்க மறுத்தால் போதும்.