‘ஒரு வரிதானேம்மா, அதுக்கு ஏன் ராத்திரி முழிச்சிருக்கே?’

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு நைட் ஷிஃப்ட் புதிதில்லை. 1956-ல் என்.எல்.சி. நிறுவனம் உருவான நாளிலிருந்து, எந்த வட்டத்துக்குப் போனாலும் நாலைந்து வீடுகளில் பகலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். ‘அப்பா தூங்குறாரு, சத்தம் போடாதே’ என்ற அதட்டலோடு வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு, மாதத்தில் சில நாள் நெய்வேலி வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களும் உண்டு. இப்போது ராத்திரி விழித்திருப்பது அவர்களின் முறை.

சனிக்கிழமை இரவு பதினொன்றரை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. மகள் அதை டைப் செய்துவிட்டு, எண்டர் தட்டாமல் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பாள். தண்ணீர் குடிக்க எழுந்து வரும் ரிட்டயர்டு அப்பா கேட்பார்: “ஒரு வரிதானேம்மா? பட்டனைத் தட்டிட்டுப் படுக்க வேண்டியதுதானே?”

“ரிலீஸ்ப்பா. நீங்க படுங்க.”

இதற்கு மேல் விளக்கம் சொல்ல அந்த நேரத்தில் எந்த மகளுக்கும் பொறுமை இருக்காது. அந்த வரியில் என்னதான் இருக்கிறது?

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், கரன்ட், அடுப்பு, வாசலில் வாட்ச்மேன் எல்லாம் மண்டபத்துடையது. சமையல் கான்ட்ராக்டர் தன் ஆட்களோடும் சாமான்களோடும் வந்து இறங்கினால் போதும். ஜாவா அப்ளிகேஷன் சர்வர் என்பது அந்த மண்டபம். டேட்டாபேஸ் இணைப்பு, பாதுகாப்பு, ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்தால் வரிசைப்படுத்துவது போன்ற வேலைகளை அது பார்த்துக்கொள்ளும். புரோகிராமர்கள் எழுதிய அப்ளிகேஷன்தான் கான்ட்ராக்டர். அவர்கள் எழுதியதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டினால் அதற்கு ‘வார்’ ஃபைல் என்று பெயர். சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ‘வெப் ஆர்கைவ்’ என்பதன் சுருக்கம். இந்த மூட்டையைச் சர்வரில் இறக்கி, கதவைத் திறந்துவிடுவதுதான் டிப்ளாய்மென்ட்.

மண்டபங்களின் பெயர்களும் சுவாரஸ்யம்தான். டாம்கேட் என்றால் கடுவன் பூனை, கிளாஸ்ஃபிஷ் என்றால் உடம்புக்குள் இருப்பது வெளியே தெரியும் கண்ணாடி மீன். 1995-ல் சன் நிறுவனம் வெளியிட்ட ஜாவாவின் பெயர் காபியிலிருந்து வந்தது. அந்தக் காபிக்குப் பெயர் கொடுத்த தீவைத்தான் நம் பழைய நூல்கள் சாவகம் என்றன. பெரிய நிறுவனங்களுக்கான ஜாவாவுக்கு 2018-ல் வைத்த புதுப்பெயர் ஜகார்த்தா. தீவை விட்டு வெளியே போக மனமில்லை போலிருக்கிறது.

கிளாஸ்ஃபிஷ் சர்வரில் அந்த ஒற்றை வரி ‘ஏஎஸ்அட்மின் டிப்ளாய்’ என்று தொடங்கி, வார் ஃபைலின் பெயரோடு முடியும். இதே வேலையை மவுஸால் செய்யவும் வழி இருக்கிறது. பிரவுசரில் 4848 என்ற போர்ட்டைத் திறந்தால் அழகான பக்கம் வரும், பட்டனும் இருக்கும். பிறகு ஏன் கறுப்புத் திரை?

அப்பா பார்த்த வேலையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. பவர் ஸ்டேஷனில் ஒரு மோட்டாரைக் கழற்ற வேண்டுமென்றால், ‘ஆஃப் பண்ணிட்டேன், போய்க் கழட்டுப்பா’ என்று வாய்வார்த்தையாகச் சொல்ல முடியுமா? பெர்மிட் எழுத வேண்டும். எந்த மோட்டார், எந்த பிரேக்கர், யார் நிறுத்தியது, யார் கையெழுத்து என எல்லாம் தாளில் இருக்க வேண்டும். டைப் செய்த கட்டளையும் அப்படி ஒரு தாள்தான். வெள்ளிக்கிழமை டெஸ்ட் சர்வரில் ஓட்டிப் பார்த்த அதே வரியைச் சனிக்கிழமை இரவு நிஜ சர்வரில் ஓட்டலாம். ஓட்டும் முன் இன்னொருவரிடம் காட்டலாம். மறுநாள் ஏதாவது தகராறு என்றால் என்ன செய்தோம் என்று எடுத்துப் பார்க்கலாம். மவுஸில் எந்தப் பெட்டியில் டிக் அடித்தோம் என்பது அடித்தவருக்கே மறுநாள் ஞாபகம் இருக்காது.

அந்த வரியில் இடையிடையே வரும் சின்னச் சொற்களில்தான் பயமே இருக்கிறது. ‘ஃபோர்ஸ்’ என்று ஒன்று. அதே பெயரில் ஏற்கெனவே ஒரு அப்ளிகேஷன் ஓடிக்கொண்டிருந்தால், இது இல்லாதபோது சர்வர் மறுத்துவிடும். இதைச் சேர்த்தால் பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை உட்கார வைத்துவிடும். ‘டார்கெட்’ என்று ஒன்று. எந்தச் சர்வர் கூட்டத்தில் இறக்க வேண்டும் என்று சொல்வது. அதை விட்டுவிட்டால் நிர்வாகச் சர்வரிலேயே இறங்கிவிடும், ‘வெற்றி’ என்றும் செய்தி வரும். ஆனால், வாடிக்கையாளர்கள் வந்துபோகும் சர்வர்களில் பழையதே ஓடிக்கொண்டிருக்கும். பாஸ்வேர்டை எப்போதும் தனி ஃபைலில் வைத்து, அந்த ஃபைலைக் கைகாட்டுவதுதான் முறை. கறுப்புத் திரை எதையும் மறக்காது. டைப் செய்தவை எல்லாம் ஹிஸ்டரியில் தங்கிவிடும்.

இப்படி ஒன்றை விட்டுவிட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?

2012 ஆகஸ்ட் 1-ம் தேதி அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னால் புரியும். நைட் கேபிடல் என்பது பங்கு வர்த்தக நிறுவனம். புதிய மென்பொருளை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும். கையால் ஏற்றிய ஊழியர் ஏழில் ஏற்றிவிட்டு, ஒன்றை விட்டுவிட்டார். இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்ற எழுதிவைத்த விதி அங்கே இல்லை. விட்டுப்போன எட்டாவது சர்வரில், பல வருடங்களாகப் பயன்படுத்தாத பழைய நிரல் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. காலையில் சந்தை திறந்ததும் புதிய ஆர்டர்கள் அதை எழுப்பிவிட்டன. 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். சந்தை திறக்கும் முன்பே எச்சரிக்கையாக 97 தானியங்கி மின்னஞ்சல்கள் போயிருந்தன, யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. இதைவிடக் கொடுமை, பதற்றத்தில் அவர்கள் செய்த வைத்தியம். சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்து புதிய மென்பொருளை நீக்கினார்கள். அவையும் எட்டாவதைப் போலவே ஆடத் தொடங்கின. அடுத்த வருடமே அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்துபோனது. அது எந்தக் கணினி மொழியில் எழுதியது என்பதெல்லாம் இரண்டாம் விஷயம். எண்ணிப் பார்க்க ஆள் இல்லாததுதான் நடந்தது.

பல சர்வர்கள் இருந்தால் எப்படி மாற்றுவது? இதற்கும் நெய்வேலியில் உதாரணம் உண்டு. 2020-ல் ஓய்வுபெற்ற முதல் அனல்மின் நிலையத்தில் 50 மெகாவாட் யூனிட்கள் ஆறு, 100 மெகாவாட் யூனிட்கள் மூன்று, மொத்தம் 600 மெகாவாட். ஓவர்ஹால் என்றால் ஒன்பதையும் ஒன்றாகவா நிறுத்துவார்கள்? ஒன்றை எடுத்து வேலை முடித்து, மறுபடி லைனில் சேர்த்து, அது நிலையாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது. சர்வரிலும் அதேதான். கூட்டத்திலிருந்து ஒன்றை விலக்கி, டிப்ளாய் செய்து, சேர்த்து, பார்த்து, அப்புறம் அடுத்தது. வெளியே டிக்கெட் எடுப்பவருக்கும் பணம் அனுப்புபவருக்கும் ஒன்றும் தெரியாது.

‘டிப்ளாய் ஆகிவிட்டது’ என்று சர்வர் சொல்வதை அனுபவசாலிகள் உடனே நம்புவதில்லை. மூட்டை இறங்கிவிட்டது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம், சாப்பாடு ருசி என்று அர்த்தமில்லை. லாக் ஃபைலை ஓடவிட்டுப் பார்ப்பார்கள், தாங்களே ஒருமுறை லாகின் செய்வார்கள். பழைய வார் ஃபைலைத் தேதி போட்டுப் பத்திரமாக வைத்திருப்பார்கள். தப்பு நடந்தால் அதையே மறுபடி ஏற்றி, பழைய நிலைக்குத் திரும்புவதற்கு. மகள் அரைமணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருப்பது இதற்குத்தான். அந்த அரைமணியில் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்காமல் ஒரு டம்ளர் பாலைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகும் அம்மாக்களுக்குத் தனி மரியாதை தரலாம்.

கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், இதைப் பழகக் காசு தேவையில்லை. கிளாஸ்ஃபிஷ், டாம்கேட் இரண்டுமே இலவசம். பொருத்தமான ஜாவாவை நிறுவிவிட்டு, ‘ஸ்டார்ட்-டொமைன்’ கொடுத்து கிளாஸ்ஃபிஷை எழுப்பி, ஒரு பக்கமே உள்ள அப்ளிகேஷனாக இருந்தாலும் கட்டி, டிப்ளாய் செய்து, 8080 போர்ட்டில் பார்க்கலாம். ‘லிஸ்ட்-அப்ளிகேஷன்ஸ்’ கொடுத்தால் என்னென்ன ஏறியிருக்கிறது என்று தெரியும். ‘அன்டிப்ளாய்’ கொடுத்து இறக்கவும் பழக வேண்டும். ஏற்றத் தெரிந்து இறக்கத் தெரியாதவரை எந்த டீமும் நிஜ சர்வர் பக்கம் விடாது. முடித்ததும் ‘ஸ்டாப்-டொமைன்’ கொடுத்து நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து டாம்கேட்டை ஓட்டிப் பார்க்கும்போது, அதுவும் அதே 8080-ஐத்தான் கேட்கும், ‘இடம் காலியில்லை’ என்று மறுக்கும்.