லயத்துக் குளிர்: அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பெருந்தோட்ட, சமூக உட்கட்டமைப்பு அமைச்சர் அவர்களுக்கு,

தங்கள் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை; தங்களுக்கு முன் அந்த ஆசனத்தில் அமர்ந்தவர்களின் நல்லெண்ணத்தையும் நான் ஐயுற்றதில்லை. நம்புவது மலையகத்தாருக்குப் பரம்பரைத் தொழில். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் எங்களுக்கு 10,000 வீடுகள் கட்டித் தருவதாகச் சொன்னபோது கைதட்டினோம். 2024 பெப்ரவரியில் அவற்றுள் 1,300 வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோதும் தட்டினோம். 2025 அக்டோபரில் தங்கள் அரசு பண்டாரவளையில் பயனாளிகளுக்கு வீட்டுப் பத்திரங்களைக் கையளித்தது. அதற்கும் தட்டினோம். பத்திரத்தைப் போர்த்திக்கொண்டு தூங்க முடியாது என்பதைத் தாங்களும் அறிவீர்கள்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். தை மாத விடியலில் புல்மேல் உறைபனி படிந்தால் படமெடுக்கக் கூட்டம் வருகிறது. அதே பனியில், வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றில் ஒரு குடும்பம் முழுதும் சுருண்டு கிடக்கும். தலைக்கு மேலே தகரம்; இடையில் உட்கூரை கிடையாது. அடுப்புச் சூடு தகரத்தின் வழியே வெளியேறிவிடும். தகரத்தின் அடியில் வியர்க்கும் நீர் சுவரில் வழிந்து பூஞ்சணம் பிடிக்கும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை செல்சியஸ் வேண்டும் என 2018 இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. அதன் கிட்டவாவது போக லயத்தில் உள்ள ஒரே வழி, ஈர விறகை மூட்டிக் கதவைச் சாத்துவது. சாத்தினால் புகை, திறந்தால் குளிர். புகையின் நுண்துகள் நுரையீரலின் ஆழம்வரை இறங்கும். குளிர் மூச்சுக்குழாயைச் சுருக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். முட்டு வருத்தத்தோடு கிளினிக்குக்கு வரும் கொழுந்தெடுக்கும் பெண்ணிடம் புகை படாமல் இருக்கச் சொல்கிறார் மருத்துவர். எங்கே போய் இருப்பது, ஐயா?

புது வீட்டுக்குக் காலமெடுக்கும். காத்திருப்பதில் எங்களுக்கு இருநூறு ஆண்டு அனுபவம் உண்டு. அதுவரை ஓர் உட்கூரையும் ஒரு புகைபோக்கியும்தான் கேட்கிறோம். நிலம் அரசுடையது, 1992 இலிருந்து தான் வெறும் குத்தகைக்காரர் மட்டுமே என்கிறது தோட்டத்தை நடத்தும் கம்பனி. தோட்டத்துக்குள் செலவிடச் சட்டம் இடந்தராது என்று நெடுங்காலம் கைவிரித்தது பிரதேச சபை. 2018 இல் சட்டம் திருத்தப்பட்டபின் நிதி இல்லை என்று கைவிரிக்கிறது. தாங்களோ புது வீட்டின் படத்தைக் காட்டுகிறீர்கள். படம் அழகாகத்தான் இருக்கிறது.

அடுத்த மார்கழிக்குள் அந்தத் தகரத்தின் கீழே பலகை அடிக்கும் பொறுப்பு கம்பனியினுடையதா, சபையினுடையதா, தங்கள் அமைச்சினுடையதா என்று ஒரே ஒரு வரி, தங்கள் கையொப்பத்துடன் எழுதி அனுப்புங்கள். யார் வாசலில் போய் நிற்பது என்றாவது தெரிந்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
இன்னமும் தங்களை நம்பும்
மலையகத்தான் ஒருவன்