ஓர் இறாத்தற் பாணும் மலையேறும் துவக்கும்

கடைக்குச் சென்று ஓர் இறாத்தற் பாண் வாங்கி வருபவர் எவரும் அதன் பாரத்தைப் பற்றிச் சிந்திப்பதில்லை. பையில் இருப்பதே தெரியாது. அதே நிறையைக் கையிற் பிடித்துக்கொண்டு, விடியற் கருக்கலிலிருந்து உச்சிப்பொழுது வரை, கால் வைக்குந்தோறும் சறுக்கும் கற்சரிவொன்றில் ஏறிப் பார்த்தாலன்றோ இறாத்தல் என்பது யாதென விளங்கும்! அலாஸ்காவிலும் றொக்கி மலைகளிலும் காட்டுச் செம்மறிகளைத் தேடிச் செல்லும் வேட்டைக்காரர் அவுன்சுக் கணக்கில் நிறையைப் பேசுவது இதனாலேதான். பற்தூரிகையின் பிடியைப் பாதியில் அறுத்தெறிந்துவிட்டு மூட்டை கட்டுவோரும் மலையேறுவோருள் உளர். இத்தகையோர் நாள் முழுதும் கையிற் சுமக்கும் பொருள் துவக்கு. அதன்மீது அவர்களுடைய கண் விழாதிருக்குமா?

நாம் வேட்டைக்காரரல்லர், அக்கலையில் எமக்கு நாட்டமும் இல்லை. ஆயினும், பொறியியல் பயிலும் மாணவருக்கு இதனைப் போன்ற நல்ல பாடம் எளிதிற் கிடைக்காது. ஒரு பொருளின் நிறையைக் குறைக்கும்போது அதன் விறைப்புக்கு நேர்வது யாது என்பதே வினா. பாலம் கட்டுவோரும் விமானம் அமைப்போரும் இவ்வினாவுடனேயே நாள்தோறும் போராடுகின்றனர். வேட்டைத் துவக்கிலோ விடை பிழைத்தால் அதன் பலனை அனுபவிப்பது வாயில்லாப் பிராணியொன்று.

செம்மறியொன்றின் இருதயமும் சுவாசப்பைகளும் அமைந்துள்ள இடம், பக்கவாட்டிற் பார்க்கையில், ஏறத்தாழ ஒரு சாண் அகலம். அதன் நடுவே சன்னம் பட்டால் விலங்கு சில கணங்களில் வீழ்ந்துவிடும். ஐந்தாறு அங்குலம் பின்னே பட்டால் குடலிற் காயமுற்று, எட்டாத பாறையிடுக்கொன்றிற் சென்று கிடந்து, மணிக்கணக்காக வருந்தி இறக்கும். இனி, கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். குறிபார்க்கும் தொலைகாட்டி, குழலின் பின்முனையில் தோட்டா ஏறும் உருக்குக் கூட்டின்மீது பூட்டப்பட்டிருக்கிறது. குழலோ அக்கூட்டிலிருந்து 22 அங்குலம் முன்னே நீண்டு நிற்கிறது. ஏதோவொரு காரணத்தினால் குழலின் வாய் ஓர் அங்குலத்தின் 100இல் 1 பங்கு மாத்திரம் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது எனக் கொள்வோம். தொலைகாட்டிக்கு இது தெரியாது. 300 யார் தொலைவில் சன்னம் 5 அங்குலத்துக்குக் குறையாமல் விலகிவிடும். மேலே சொன்ன இரு மரணங்களுக்கும் இடையிலுள்ள தூரம் அவ்வளவே.

துவக்கின் நிறையைக் குறைக்க முற்படுவோர் முதலிற் கைவைப்பது குழலிலேதான். மெலிந்த குழலின் நிறை குறைவு என்பது உண்மை. ஆனால் உருண்டைத் தண்டொன்றின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டத்தைப் பத்திலொரு பங்கு குறைத்தால் விறைப்பில் மூன்றிலொரு பங்கு போய்விடும். இதற்கு மாறாக நீளத்தைக் குறைப்பது புத்தியான செயல். 24 அங்குலக் குழலை 22 அங்குலமாக வெட்டினால், அதே விசைக்கு அதன் நுனி வளைவது ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைந்துவிடுகிறது. சன்னத்தின் வேகத்தில் இழப்பது செக்கனுக்கு 50 அடி அளவேயாகும். 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வின்செஸ்ரர் நிறுவனம் தனது 70ஆம் இலக்கத் துவக்கின் 'இறகு நிறை' வகையை வெளியிட்டபோது, குழலை 22 அங்குலமாகக் குறுக்கி, சற்று மெலிவித்து, விசைக் காப்பையும் அடித்தகட்டையும் அலுமினியத்தில் அமைத்தது. சோங்கு வால்நட் மரமாகவே இருந்தது. அக்காலத்தில் வேறு வழியுமில்லை.

உருக்குக்குப் பதிலாக அலுமினியத்தையோ தைத்தேனியத்தையோ வைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவோருக்கு இயற்கை ஒரு வேடிக்கை காட்டுகிறது. அலுமினியம் உருக்கின் மூன்றிலொரு பங்கு நிறையுடையது. விறைப்பும் மூன்றிலொரு பங்கே. தைத்தேனியத்தின் நிறை உருக்கினதிற் பாதிக்குச் சிறிது மேல். விறைப்பும் அவ்வாறே பாதிக்குச் சிறிது மேல். ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பறித்துக்கொள்ளும் கடன்காரன் கணக்குத்தான்! ஆகவே விசைக் காப்பைப் போன்று வளைவைத் தாங்க வேண்டாத உறுப்புகளில் இலேசான உலோகத்தைப் பயன்படுத்தலாம். வளையக்கூடாத இடத்தில் அதனால் வரும் ஆதாயம் சொற்பம்.

உருக்கையே குடைந்தெடுத்து நிறை குறைத்தவர்களின் அனுபவமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944இல், பிரித்தானியர் தமது லீ-என்பீல்ட் துவக்கைக் கீழைநாட்டுக் காடுகளுக்கெனக் குறுக்கினர். ஏறத்தாழ 9 இறாத்தலாயிருந்தது 7 இறாத்தலளவாயிற்று. கூட்டிலும் குழலிலும் ஆங்காங்கே உருக்கைச் சீவி எறிந்திருந்தனர். இன்று சரியாகச் சுட்ட துவக்கு நாளை வேறிடத்திற் சுடுகிறது என்ற முறைப்பாடு விரைவிலேயே எழுந்தது. 1947இல் அதன் உற்பத்தி நின்றது. மலாயாக் காட்டுப் போரில் இத்துவக்கு நெடுங்காலம் பயன்பட்டதென்பதும், அந்தக் குறை மிகைப்படுத்தப்பட்டதெனச் சேகரிப்போர் சிலர் இன்றும் வாதிடுவதும் வேறு கதை.

இப்போது சோங்குக்கு வருவோம். விடயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

எமது வீட்டு வாசற்கதவு கார்த்திகை மார்கழி மாரியில் நிலையோடு சிக்கிக்கொள்ளும். தோளால் இடித்தாலன்றித் திறவாது. பங்குனி வெயிலில் அதே கதவு காற்றுக்குத் தானே ஆடும். மரம் ஈரத்தைக் குடித்து இழையின் குறுக்கே பருக்கும், உலர்ந்து சுருங்கும். துவக்கின் சோங்கும் மரமே. மழையில் நனைந்த சோங்கின் முன்பகுதி மெல்லத் திருகிக் குழலின் ஒரு பக்கத்தை அழுத்தத் தொடங்கினால், மேலே சொன்ன அந்த நூறிலொரு பங்கு அங்குலம் எங்கிருந்து வருகிறதென்பது புலனாகும். அமெரிக்கக் கடற்படைப் படையணியினர் 1966இல் மரச் சோங்குடன் வியற்நாமுக்குக் கொண்டுசென்ற தொலைதூரத் துவக்குகள், அந்நாட்டின் ஈரத்தில் இவ்வாறே அவர்களைப் படாதபாடு படுத்தின. 1970களில் அத்துவக்குகளுக்குக் கண்ணாடி இழைச் சோங்கு மாற்றப்பட்டது. குறிச்சுடுதற் போட்டியாளர் சிலர் அதற்கு முன்னரே அவ்விழைக்கு மாறியிருந்தனர்.

மரத்தைக் குறைகூறுவது மாத்திரம் நியாயமன்று. இழையோட்டத்தின் வழியே, நிறைக்கு நிறை ஒப்பிட்டால், வால்நட் மரம் உலோகங்களுக்குப் பெரிதும் தாழ்ந்ததன்று. அதன் குற்றம் நிலையின்மையே. குழலுக்கும் சோங்குக்கும் இடையே கடுதாசித் தடிப்பில் இடைவெளி விடுவது அதற்குப் பழைய பரிகாரம். பொருந்தும் இடங்களில் எப்பொக்சிப் பசையை ஊற்றி உருக்குக் கூட்டை அசையாது அமர்த்துவது மற்றொன்று. இரண்டும் நன்றாகவே பயன்படுகின்றன.

அதன் பின்னர் வந்ததே மலிவான பிளாத்திக்குச் சோங்கு. அச்சில் வார்த்தெடுத்த இச்சோங்கு மழைக்கு அஞ்சாது, விலையும் குறைவு. ஆனால் மெலிந்த ஓடும் உள்ளே சில குறுக்குத் தட்டுகளுமாக அமைந்த இதன் முன்பகுதி, கையால் அழுத்தினாலே வளைந்து குழலைத் தொட்டுவிடும். தோள்வாரை இறுக்கிப் பிடித்துச் சுடும்போதும், பாறைமேற் சாய்த்துச் சுடும்போதும் குழல் தள்ளப்படுகிறது. நிறையிலாவது ஆதாயமுண்டோவெனில், பல வேளைகளில் அதுவும் இல்லை. மரச் சோங்கின் அளவே நிறுக்கிறது! ஈரத்துக்கு அஞ்சி மரத்தை விட்டவர், நெகிழ்வின் கையில் அகப்பட்டுக்கொண்டார்.

நிறை குறையவும் விறைப்புக் கூடவும் வழியுண்டா? பனைமரத்தைப் பார்த்தவர்களுக்கு இவ்வினா புதிதன்று. வைரம் முழுவதும் வெளிப்புறத்தில், உள்ளே சோறு. எமது முன்னோர் சோற்றைக் கழித்து வைரத்தைச் சிலாகையாக்கிக் கூரையிலேற்றினர். வளைவைத் தாங்கும் உறுப்பில் வேலை செய்வது புறத்தோலே. நடுவிலுள்ளது பெரும்பாலும் சும்மா சவாரி செய்கிறது. ஆகவே வலிய பொருளை வெளியே மெல்லிய தோலாகவும், இலேசான பொருளை உள்ளே நிரப்பாகவும் அமைத்தல் வேண்டும். காபன் இழை இதற்கென்றே பிறந்தது போன்றது. இங்கிலாந்தின் பார்ன்பரோவில் 1960களின் முற்பகுதியில் உருப்பெற்ற வலிய காபன் இழை, விறைப்பில் உருக்குக்கு இணையாக நின்று, நிறையில் அதன் நாலிலொரு பங்குக்கும் குறைந்தது. 1965இல் டியூபொன்ட் ஆய்வுகூடத்தில் ஸ்ரெபனி குவோலெக் அம்மையார் கண்ட கெவ்லர் இழை, இலகுவிற் கிழியாத உரத்தைத் தருகிறது.

இவ்விரண்டையும் சேர்த்து 1980களில் சோங்கு செய்தவர் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தவரான மெல்வின் போர்ப்ஸ். அவருடைய சோங்கின் நிறை ஏறத்தாழ ஓர் இறாத்தல். வால்நட் சோங்கு இரண்டு இறாத்தலுக்கு மேல். இழையைப் போதிய அளவு அடுக்கிச் சோங்கைக் குழலிலும் விறைப்புடையதாக ஆக்கியதாக அவர் கூறினார். அதன் பின்னர் அவர் செய்ததே எம்மை வியக்கவைக்கிறது. எல்லோரும் குழலைச் சோங்கிலிருந்து விலக்கி வைக்கும்போது, இவர் முழு நீளத்துக்கும் இடைவெளியின்றி அதில் ஒட்ட அமர்த்திவிட்டார். சோங்கு திருகாது, நெகிழாது என்றால் அதனைக் கண்டு குழல் ஏன் ஒதுங்கவேண்டும்? மெல்லிய குழலின் அதிர்வையும் அச்சோங்கே அடக்கித் தாங்கிக்கொள்ளட்டும் என்பது அவர் கருத்து. உருக்குக் கூட்டையும் குடையாமல், குறுகிய தோட்டாவுக்கு ஏற்ற அளவிற் சிறிதாகவே வடிவமைத்தார். அதன் நிறை 20 அவுன்சு. துவக்கின் பெயரே 'இருபது'. முழுத் துவக்கும் 5 இறாத்தலளவில் நின்றது, குறியும் தவறவில்லை.

ஆயினும் இயற்கையிடம் ஒரு கடன் மீதியிருக்கிறது. உந்தம் காக்கப்படும் என்ற விதிப்படி, அதே தோட்டாவைச் சுடும் துவக்கு இலேசாக ஆக ஆகப் பின்னுதை கூடும். 8 இறாத்தல் 6 இறாத்தலானால் உதையின் சத்தி மூன்றிலொரு பங்கு மிகுகிறது. உதைக்கு அஞ்சி விசையை வெடுக்கென இழுப்பவரின் சன்னம், எத்துணை விறைத்த சோங்கிருந்தும் தவறவே செய்யும். மேலும், ஏறிய களைப்பில் நெஞ்சு படபடக்கும்போது முன்பாரமற்ற குழல் காற்றிலாடும் துரும்பு போல் அலையும். எம்மைக் கேட்டால், குழலைச் சிறிது தடிப்பாகவே விட்டு, சேமிப்பைச் சோங்கிலே தேடச் சொல்வோம். மலையில் நாள் முழுதும் நடந்தும் இளைக்காத இளைஞர் ஆறரை இறாத்தலோடு நின்றுகொள்ளலாம்.

துவக்கை வாங்க முன் அதன் விறைப்பைப் பார்க்க எளிய வழியொன்றுண்டு. தோட்டா இல்லையென்பதை இருமுறை உறுதிசெய்துகொண்டு, குழலையும் சோங்கின் முன்முனையையும் விரல்களிடையே சேர்த்து நசுக்கிப் பார்க்கவேண்டும். இடைவெளி மூடிவிடுமாயின் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பெரும் பணம் கொடுத்து 5 இறாத்தல் துவக்கை வாங்கியவர் அடுத்து என்ன செய்கிறார் தெரியுமா? ஒன்றரை இறாத்தல் நிறையுள்ள பெரிய தொலைகாட்டியொன்றை வாங்கி அதன் தலைமேற் பூட்டிக்கொண்டு மலையேறுகிறார்.